தரை திருப்பி அடிக்கும்

ஒகேனக்கல் போனவர்கள் அந்தப் பையன்களைப் பார்த்திருப்பார்கள். காவிரி ஒடுங்கி ஓடும் பாறை இடுக்கில் பரிசல் போகும்போது மேலே விளிம்பில் நின்றுகொண்டு, "அண்ணா, காசு குடுங்கண்ணா, குதிச்சுக் காட்டறேன்" என்பார்கள். காசு கைக்கு வந்ததும் குதிப்பார்கள். சிலர் விழும் வழியிலேயே ஒரு பல்டியும் அடிப்பார்கள். பாறையும் சுழலும் உள்ள இடத்தில் இது செய்யக்கூடாத வேலை, அதில் சந்தேகமில்லை. ஆனால் காற்றில் இருக்கும் அந்த ஒரு நொடியை மட்டும் தனியாகப் பார்த்தால், அந்தப் பையனுக்கும் ஒலிம்பிக் வால்ட் மேடையில் பறக்கும் ஜிம்னாஸ்டுக்கும் இயற்பியல் வேறுபாடு காட்டாது. எம்பியபோது கிடைத்த கோண உந்தம்தான் மூலதனம். அதன்பின் காற்றில் அதைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது.

வேறுபாடு எல்லாம் முடிவில் இருக்கிறது. 10 மீட்டர் உயரத்திலிருந்து விழும் உடலை ஆற்று நீர் 3 மீட்டர் ஆழத்தில் மெல்ல நிறுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால், நீர் அவன்மேல் செலுத்தும் சராசரி விசை அவன் எடையைப் போல் நாலு மடங்குக்குச் சற்று அதிகம். இப்போது ஒரு சிறுமி உயரக் கம்பியிலிருந்து கையை விட்டுத் தரைக்கு வருகிறாள். அவள் உடலின் நடுப்புள்ளி வெறும் 2 மீட்டர்தான் இறங்கியிருக்கிறது. பாதம் தொடும்போது வேகம் மணிக்கு 22 கிலோமீட்டருக்குச் சற்று மேல். முழங்காலை மடக்காமல் விறைப்பாக இறங்கினால் உடல் நிற்க 5 சென்டிமீட்டர்தான் கிடைக்கும். அப்போது தரை திருப்பித் தரும் அடி அவள் எடையைப் போல் 41 மடங்கு. பாயும் முழங்காலும் இடுப்பும் சேர்ந்து 20 சென்டிமீட்டர் இடம் கொடுத்தால் 11 மடங்கு. 40 சென்டிமீட்டர் கொடுத்தால் 6 மடங்கு. 30 கிலோ எடையுள்ள குழந்தைக்கு முதல் கணக்கில் 1,230 கிலோ, கடைசிக் கணக்கில் 180 கிலோ. உயரமும் வேகமும் ஒன்றே. மாறியது நிற்பதற்கு எடுத்துக்கொண்ட தூரம் மட்டும். வேகமாக வரும் கிரிக்கெட் பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னால் இழுக்கிறோமே, அதே கணக்கு.

இவை சராசரி எண்கள். உண்மையில் அடி சீராக வராது. பாதம் தொட்ட முதல் சில நூறில் ஒரு பங்கு நொடிக்குள் உச்சத்துக்கு ஏறிவிட்டு இறங்கும். விசைத் தகடுகளின் மேல் ஜிம்னாஸ்டுகளை இறங்கச் செய்து அளந்தபோது, இரட்டைப் பல்டிக்குப் பிறகான தரையிறக்கத்தில் உடல் எடையைப் போல் 10 மடங்கைத் தாண்டும் உச்சங்கள் பதிவாகியிருக்கின்றன. பயிற்சி நாள் ஒன்றில் இந்த அடி பல பத்து முறை விழும்.

ஜிம்னாஸ்டிக்ஸ் என்றால் வளைவது, சுழல்வது, பறப்பது என்றே நினைக்கிறோம். வீடியோவில் அழகாகத் தெரிவதும் அவைதான். என் பார்வையில் இது தரையிறங்கும் விளையாட்டு. இளம் வயதில் யார் தேறுகிறார்கள், யார் பதினான்கு வயதில் மணிக்கட்டில் கட்டோடு வீட்டுக்குத் திரும்புகிறார்கள் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது எலும்பும் தரையும் செய்துகொள்ளும் இந்தப் பேரம்தான்.

அகர்தலாவை எடுத்துக்கொள்வோம். திரிபுராவின் தலைநகரம் என்றாலும் பெருநகரமல்ல. அங்கே 1993ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் தேதி பிறந்தவர் தீபா கர்மாகர். ஆறு வயதில் பயிற்சிக்கு வந்தபோது அவருக்குத் தட்டைப் பாதம். பாதத்தின் வளைவு தரையின் அடியை முதலில் வாங்கித் தணிக்கும் பகுதி. எம்பும்போது வில்லாகித் தள்ளுவதும் அதுவே. அது தட்டையாக இருந்தால் ஜிம்னாஸ்டிக்ஸ் வேண்டாம் என்று சொல்லும் பயிற்சியாளர்கள் உண்டு. தீபாவின் பயிற்சியாளர் விஸ்வேஸ்வர் நந்தி அப்படிச் சொல்லவில்லை. பாதத்துக்கென்று தனிப் பயிற்சிகள் கொடுத்து வளைவை உருவாக்கப் பார்த்தார். சிறுபிள்ளையின் பாதம் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும் பொருள் என்று அவர் எடுத்துக்கொண்டது எனக்குப் பிடிக்கிறது. இறுதித் தீர்ப்பாக அதை அவர் பார்க்கவில்லை.

2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் தீபாவுக்கு வெண்கலம். 2016இல் ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸுக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண். அவர் கையிலெடுத்தது புரோடுனோவா என்ற வால்ட். 1999இல் அதைச் செய்துகாட்டிய ரஷ்யாவின் எலேனா புரோடுனோவாவின் பெயர் அதற்கு. ஓடிவந்து, வால்ட் மேசைமேல் கை ஊன்றி எழும்பி, முன்பக்கமாக இரண்டு பல்டி. பின்பக்கப் பல்டியில் தரை கண்ணுக்குத் தெரிந்தபடி வரும். முன்பக்கப் பல்டியில் கடைசிக் கணம் வரை தெரியாது. எப்போது காலை விரிப்பது, எப்போது முழங்காலை இளக்குவது என்பதைக் காதுக்குள் இருக்கும் அரைவட்டக் குழல்களும் தசைகளில் உள்ள உணரிகளும்தான் சொல்ல வேண்டும். அந்தச் செய்தி கொஞ்சம் பிந்தினால் முழங்கால் மடங்க நேரமிருக்காது. மேலே பார்த்த 41 மடங்குக் கணக்கு நினைவிருக்கட்டும்.

2016 ஆகஸ்டு 14, ரியோ. முதல் வால்டில் 14.866. இரண்டாவதாகப் புரோடுனோவா: கடினத்துக்கு 7.0, செய்நேர்த்திக்கு 8.266. இரண்டின் சராசரி 15.066. நான்காம் இடம். வெண்கலம் வாங்கிய சுவிட்சர்லாந்தின் கியூலியா ஸ்டைன்க்ரூபர் பெற்றது 15.216. வித்தியாசம் 0.150. இரண்டு வால்டுக்கும் சேர்த்துக் கூட்டினால் 0.300. இறங்கும்போது பெரிதாக ஓர் அடி எடுத்து வைத்தால் நடுவர்கள் கழிப்பது சரியாக 0.3. இந்தியாவின் முதல் ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸ் பதக்கத்துக்கும் வெறுங்கைக்கும் நடுவே இருந்தது ஒரு காலடி அளவு.

அதே இறுதிப் போட்டியில் இன்னொருவரும் புரோடுனோவாவை முயன்றார். உஸ்பெகிஸ்தானின் ஒக்சானா சுசோவிட்டினா. அன்று அவருக்கு 41 வயது. அவரிடம் பிறகு வருவோம்.

ஜிம்னாஸ்டுகள் ஏன் குள்ளமாக இருக்கிறார்கள் என்ற கேள்வியை எல்லோரும் கேட்பார்கள். அமெரிக்காவின் சிமோன் பைல்ஸ் 142 சென்டிமீட்டர்தான். பயிற்சி உயரத்தைக் குறைத்துவிடுகிறது என்று ஊரில் சொல்வதுண்டு. சரியான அளவு உண்டு பயிற்சி செய்யும் பிள்ளைகளிடம் அப்படி நடப்பதற்கு உறுதியான சான்று இல்லை. குள்ளமானவர்களுக்கு இந்த விளையாட்டு எளிது, அதனால் அவர்கள் நிலைக்கிறார்கள் என்பதே பொருத்தமான விளக்கம்.

காரணம் எண்களில் இருக்கிறது. 130 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு சிறுமி 143 சென்டிமீட்டருக்கு வளர்கிறாள். உயரத்தில் 10 விழுக்காடு. உடலின் எல்லாப் பகுதிகளும் அதே விகிதத்தில் பெருத்தால் தசையின் குறுக்குப் பரப்பு, அதாவது வலிமை, 21 விழுக்காடு கூடும். எடை 33 விழுக்காடு கூடும். சுழற்சிக்கு உடல் காட்டும் எதிர்ப்பை இயற்பியல் பாடநூல் நிலைமத் திருப்புத்திறன் என்கிறது. அது உயரத்தின் ஐந்தாம் அடுக்கில் ஏறும்: 61 விழுக்காடு. போன வருடம் அநாயாசமாகச் சுழன்ற பிள்ளை இந்த வருடம் பாதிச் சுற்றிலேயே தரைக்கு வந்துவிடுவது சோம்பலால் அல்ல, பயத்தாலும் அல்ல. உடல் மாறிவிட்டது, மூளை இன்னும் பழைய உடலுக்கே கட்டளை அனுப்புகிறது. உடலைச் சுருட்டிக்கொண்டால் நிலைமத் திருப்புத்திறன் மூன்று, நான்கு மடங்கு குறையும் என்பதால் வளர்ந்த பிள்ளைகள் இறுக்கமாகச் சுருட்டப் பழகி ஓரளவு சமாளிப்பார்கள். அதற்குப் புதிதாகப் பழக வேண்டும், மாதங்கள் ஆகும்.

பெண் குழந்தைகளுக்கு இந்த வளர்ச்சி வேகம் சராசரியாக 12 வயதை ஒட்டி உச்சம் தொடும். பையன்களுக்கு ஏறத்தாழ 14. உச்சத்தில் பெண்கள் வருடத்துக்குச் சுமார் 8 சென்டிமீட்டர் வளர்வார்கள், பையன்கள் இன்னும் சற்று அதிகம். நீண்ட எலும்புகளின் இரு முனைகளுக்கும் அருகே குருத்தெலும்பாலான வளர்ச்சித் தட்டு உண்டு. வளர்ச்சி நடப்பது அங்கேதான். எலும்பைவிட அது மென்மையானது. ஜிம்னாஸ்டுகள் காலால் மட்டுமல்ல, கையாலும் தரையிறங்குகிறார்கள். வால்டிலும் தரைப் பயிற்சியிலும் உடல் எடையைப் போல் இரண்டு மடங்கும் அதற்கு மேலும் மணிக்கட்டில் ஏறும். மணிக்கட்டு உடல் எடையைத் தாங்க அமைந்த மூட்டு இல்லை. ஆரை எலும்பின் கீழ்முனையில் உள்ள வளர்ச்சித் தட்டு இதனால் அழற்சி கண்டு விரிவதை மருத்துவர்கள் ஜிம்னாஸ்ட் மணிக்கட்டு என்றே அழைக்கிறார்கள். கை ஊன்றும்போது பெருவிரல் பக்கம் வலி, தொட்டால் நோவு, ஓய்வெடுத்தால் சரியாவது, மறுபடி ஊன்றினால் திரும்புவது. சுளுக்கு என்று எண்ணெய் நீவி அனுப்பிவிடக்கூடாத வலி இது. கவனிக்காமல் விட்டால் ஆரை எலும்பு வளர்வது நின்று, பக்கத்து எலும்பு அதைத் தாண்டி நீண்டுவிடும்.

ஆகவே பயிற்சியாளரிடம் இருக்க வேண்டிய முதல் கருவி சுவரில் ஒட்டிய அளவுகோல். மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரம் குறித்துவைத்தால் போதும். வளர்ச்சி வேகமெடுத்த பிள்ளைக்குப் புதிய பல்டி கற்றுத் தராமல், தெரிந்ததைக் குறைந்த எண்ணிக்கையில் செய்யவிட்டு, தரையிறங்கும் முறையை மட்டும் திரும்பத் திரும்பப் பழக்க வேண்டும். ஆறு மாதமோ ஒரு வருடமோ பின்தங்கினாற்போல் தோன்றும். போட்டி வரும், பெற்றோர் கேட்பார்கள், பயிற்சியாளர் நெளிவார். அந்த நேரத்தில் அவசரப்படாதவர்களிடம்தான் பிள்ளையை ஒப்படைக்கலாம்.

அவசரத்துக்கு ஒரு வரலாறும் இருக்கிறது. 1976இல் மாண்ட்ரியலில் ருமேனியாவின் நாடியா கொமனேச்சி முழுப் பத்து மதிப்பெண் எடுத்தபோது அவருக்கு 14 வயது. மதிப்பெண் பலகைக்குப் பத்து காட்டத் தெரியாமல் 1.00 என்று காட்டியது. பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் என்றால் சிறுமிகளின் விளையாட்டு என்று உலகம் முடிவுகட்டியதில் அந்தக் காட்சிக்குப் பங்குண்டு. சர்வதேச ஜிம்னாஸ்டிக்ஸ் கூட்டமைப்பு பிறகு 1997இல் குறைந்தபட்ச வயதை 16 ஆக்கியது. டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண் ஜிம்னாஸ்டுகளின் சராசரி வயது 21ஐத் தாண்டிவிட்டது. மேலே சொன்ன சுசோவிட்டினா 33 வயதில் பெய்ஜிங்கில் வால்ட் வெள்ளி வாங்கியவர், 46 வயதில் டோக்கியோவிலும் வால்ட் அடித்தவர். சிமோன் பைல்ஸ் 27 வயதில் பாரிஸில் தங்கம் வென்றார். டோக்கியோவில் அவர் பாதியில் விலகியது நினைவிருக்கலாம்: காற்றில் தன் உடல் எங்கே இருக்கிறது என்ற உணர்வு திடீரென அறுந்துபோனது. தரை எங்கே என்று தெரியாமல் இறங்குவதைவிட விலகுவதே சரி என்று அவர் எடுத்த முடிவை அன்று ஏளனம் செய்தவர்கள் தரையின் கணக்கைப் போட்டுப் பார்க்காதவர்கள்.

இவ்வளவு அடி வாங்கும் எலும்பு என்னாகிறது? இந்த அத்தியாயத்தில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான்.

1892இல் ஜெர்மானிய அறுவை மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் ஒரு கருத்தை எழுதி வைத்தார்: எலும்பு தன்மேல் விழும் சுமைக்கேற்பத் தன்னை மாற்றிக் கட்டிக்கொள்கிறது. அதை நடத்துவது எலும்புக்குள் புதைந்திருக்கும் செல்கள் என்று இப்போது தெரியும். சுமை விழும்போது எலும்பு நுணுக்கமாக வளைகிறது, அதிலுள்ள நுண்குழாய்களில் திரவம் நகர்கிறது, செல்கள் அதை உணர்ந்து இங்கே இன்னும் கட்டு என்று சொல்லி அனுப்புகின்றன. கல்லூரி ஜிம்னாஸ்டுகளையும் நீச்சல் வீராங்கனைகளையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் இது பளிச்சென்று தெரிந்தது. இரு சாராரும் மணிக்கணக்கில் உழைப்பவர்கள். எலும்பு அடர்த்தியோ ஜிம்னாஸ்டுகளிடம்தான் அதிகம். நீரில் உடல் மிதக்கிறது, எலும்புக்குச் சேதி போவதில்லை.

எத்தனை அடி வேண்டும்? 1997இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எலிகளைக் குதிக்க வைத்தார்கள். சில எலிகள் நாளுக்கு 5 முறை, சில 10, சில 20, 40, இன்னும் சில 100 முறை. நாளுக்கு 5 முறை குதித்த எலிகளுக்கே எலும்பு கூடிவிட்டது. 100 முறை குதித்தவற்றுக்கு அதற்குத் தக்கபடி பெரிதாகக் கூடவில்லை. எலும்பின் செல்கள் சீக்கிரம் காது கேளாதவை ஆகிவிடுகின்றன. சில மணி நேர இடைவெளிக்குப் பிறகே மறுபடி கேட்கத் தொடங்குகின்றன. எலியும் மனிதப் பிள்ளையும் ஒன்றல்ல. என்றாலும், ஒரே மாலையில் இருநூறு முறை குதிக்க வைக்கும் பயிற்சியாளரின் வாதத்துக்கு எலும்பியலில் ஆதரவு இல்லை. அந்தக் கூடுதல் அடி எலும்பைக் கட்டவில்லை. வளர்ச்சித் தட்டைத்தான் தேய்க்கிறது.

எலும்பு கட்டுவதற்கு ஒரு காலமும் உண்டு. கனடாவின் சஸ்காட்செவனில் பிள்ளைகளை ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து அளந்த ஆய்வு, எலும்பு வேகமாகச் சேரும் உச்சத்தை ஒட்டிய இரண்டே வருடங்களில், வளர்ந்தபின் இருக்கப்போகும் எலும்பில் கால் பங்குக்கு மேல் சேர்ந்துவிடுகிறது என்று காட்டியது. ஏறத்தாழ, மணிக்கட்டுக்கு ஆபத்து அதிகமான அதே வருடங்கள்தான் எலும்பைச் சேமிக்கக் கிடைக்கும் நல்ல வருடங்களும். அந்த நேரத்தில் பிள்ளையை முழுக்க உட்கார வைப்பதும் தவறு, விரட்டுவதும் தவறு.

கட்டுவதற்குப் பொருள் வேண்டும். இங்கே ஒகேனக்கல் இருக்கும் தருமபுரிக்கு வந்துவிடுவோம். இந்த மாவட்டத்தில் எலும்புக்கென்று ஒரு தனிக் கதை இருக்கிறது.

பென்னாகரம், பாலக்கோடு பக்கம் பழைய ஆட்களிடம் கேட்டால் கேழ்வரகுக் களி தின்று வளர்ந்ததைச் சொல்வார்கள். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அதே அளவு வெள்ளை அரிசியில் 10 மில்லிகிராம்கூடத் தேறாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வகுத்த அளவுப்படி 10 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு நாளுக்கு 850 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். 13 முதல் 15 வயதில் 1,000. கேழ்வரகில் உள்ளது முழுவதும் உடலில் சேர்வதில்லை. தானியத்திலுள்ள ஃபைட்டேட் என்ற பொருள் கால்சியத்தையும் இரும்பையும் பிடித்து வைத்துக்கொள்ளும். முளைகட்டினாலும் புளிக்க வைத்தாலும் அது குறையும். முதல் நாள் கரைத்துப் புளிக்கவிட்டு மறுநாள் காய்ச்சும் கூழ் வேதியியல் பாடம் படிக்காதவர்கள் கண்டுபிடித்த நல்ல வேதியியல். 2023இல் தமிழ்நாடு அரசு ரேஷன் கடைகளில் அட்டைக்கு 2 கிலோ கேழ்வரகு கொடுக்கும் திட்டத்தைத் தருமபுரியிலும் நீலகிரியிலும்தான் முதலில் தொடங்கியது.

இதே மண்ணின் மறுபக்கம் ஃபுளூரைடு. தருமபுரியின் அடியில் இருப்பது பழைய கடினப் பாறை. அதன் கனிமங்களில் ஃபுளூரைடு உண்டு. ஆழ்குழாய்க் கிணற்று நீர் பாறையோடு நெடுங்காலம் கிடந்து அதைக் கரைத்துக்கொள்கிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. இம்மாவட்டத்தின் பல ஊர்களில் நிலத்தடி நீர் அதைத் தாண்டியது. பிள்ளைகளின் பல்லில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை, பெரியவர்களுக்கு மூட்டு இறுக்கம், குனிய முடியாத முதுகு. காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானியக் கடனுதவியோடு சுமார் 1,900 கோடி ரூபாயில் முடிந்து 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. பெயரிலேயே ஃபுளூரோசிஸ் தணிப்பு என்று வைத்துக்கொண்ட திட்டம் அது. காவிரி வராத நாளில் ஆழ்குழாய்த் தண்ணீர் குடிக்கும் பழக்கம் இன்னும் முழுக்கப் போகவில்லை.

ஃபுளூரைடு எலும்பை என்ன செய்கிறது என்பது விசித்திரமானது. அது எலும்பைக் கரைப்பதில்லை. அடர்த்தியாக்குகிறது. எலும்பின் படிகத்தில் ஹைட்ராக்சில் இருக்க வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, எலும்புகட்டும் செல்களையும் தூண்டிவிடுகிறது. இதைப் பார்த்துவிட்டு ஒரு காலத்தில் எலும்பு மெலிந்த முதிய பெண்களுக்கு ஃபுளூரைடையே மருந்தாகக் கொடுத்தார்கள். அமெரிக்காவின் மேயோ கிளினிக் நடத்திய நான்காண்டுச் சோதனையின் முடிவு 1990இல் வந்தது. இடுப்புப் பகுதி முதுகெலும்பின் அடர்த்தி 35 விழுக்காடு கூடியிருந்தது. கை, கால், இடுப்பு எலும்பு முறிவுகளும் கூடியிருந்தன. ஸ்கேனில் கனமாகத் தெரிந்த எலும்பு நடைமுறையில் உடைந்தது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தரையின் அடியை வாங்கி வாங்கி அடர்ந்த ஜிம்னாஸ்டின் எலும்பு, சுமை வரும் திசை பார்த்து இழை இழையாகக் கட்டப்பட்டது. ஃபுளூரைடு குடித்து அடர்ந்த எலும்பு திசை தெரியாமல் நிரப்பப்பட்டது. இயந்திரம் இரண்டுக்கும் நல்ல எண் காட்டக்கூடும். 11 மடங்கு அடி விழும்போதுதான் எது எது என்று தெரியும். கால்சியம் போதாத உணவு ஃபுளூரைடின் கேட்டை இன்னும் கூட்டும் என்பதும், உணவில் கால்சியம் இருந்தால் அது குடலிலேயே ஃபுளூரைடில் ஒரு பகுதியைப் பிடித்து வெளியே அனுப்பிவிடும் என்பதும் தெரிந்த விஷயங்கள். இந்த ஊரில் கேழ்வரகையும் பாலையும் விட்டுவிட்டு வெறும் அரிசிக்கு மாறியதில் இரட்டை நஷ்டம்.

பழைய தருமபுரியான தகடூரின் அதியமான் ஔவைக்குக் கொடுத்த நெல்லிக்கனியை இங்கே சொல்லாமல் விட்டால் தருமபுரிக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். நெல்லிக்காய் ஆயுளை நீட்டுமா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அதிலுள்ள வைட்டமின் சி இல்லாமல் எலும்பின் சட்டமும் தசைநாரும் ஆன கொலாஜன் இழை முறுக்கேறாது, சாப்பாட்டிலுள்ள இரும்பும் சரியாக உடலில் ஏறாது. பதின்வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இரத்தசோகையோடு இருக்கும் மாநிலத்தில் அது சின்ன விஷயமல்ல.

உணவு பற்றிப் பேசும்போது ஜிம்னாஸ்டிக்ஸின் இருண்ட பக்கத்தையும் பேச வேண்டும். எடை குறைந்தால் சுழற்சி எளிது என்பது மேலே போட்ட கணக்கிலேயே இருக்கிறது. அதைத் தவறாகப் படித்த பயிற்சிக்கூடங்கள் உலகெங்கும் பிள்ளைகளைப் பட்டினி போட்டன, எடைக்கருவிமேல் நிறுத்தி அவமானப்படுத்தின. செலவழிக்கும் ஆற்றலுக்கு உணவு ஈடுகொடுக்காதபோது உடல் முதலில் நிறுத்துவது உயிர் காக்கத் தேவைப்படாத வேலைகளை. பெண்களுக்கு மாதவிடாய் வராது, அல்லது வந்தது நின்றுவிடும். ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் எலும்பு கட்டுவதும் தளரும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் இந்த நிலைக்கு ஒரு பெயர் வைத்து எச்சரித்தது. ஆண்களுக்கும் இது வரும் என்றும் சேர்த்துச் சொன்னது. எலும்பில் கால் பங்கைச் சேர்க்க வேண்டிய வருடங்களில் பட்டினி கிடந்த பிள்ளைக்கு அந்த இழப்பை முப்பது வயதில் முழுமையாக ஈடுகட்ட முடியாது. பதினைந்து வயதாகியும் பூப்படையாத பெண்ணை, விளையாட்டுப் பிள்ளைக்கு அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி அனுப்பும் பயிற்சியாளரை நம்பாதீர்கள். அந்தப் பிள்ளையை மருத்துவரிடம் காட்டுங்கள்.

மாத்திரை, பொடி டப்பா விவகாரமும் உண்டு. தீபா கர்மாகரின் உடலில் 2021இல் எடுத்த மாதிரியில் ஹைஜெனமின் என்ற தடைசெய்யப்பட்ட பொருள் இருந்ததால் அவர் 21 மாதம் விளையாட முடியவில்லை. தெரியாமல் உட்கொண்டுவிட்டதாக அவர் சொன்னார். தாவரங்களிலிருந்து வரும் பொருள் அது. சத்துப் பொடிகளில் ஒளிந்திருக்கும். மூலிகை என்று எழுதியிருந்தால் ஆபத்தில்லை என்று நினைப்பவர்கள் நம்மூரில் அதிகம். தடைக்காலம் 2023 ஜூலையில் முடிந்தது. மறு வருடம் தாஷ்கண்டில் ஆசியச் சாம்பியன்ஷிப்பின் வால்ட் தங்கத்தை வாங்கிவிட்டு, அவ்வருட அக்டோபரில் ஓய்வு பெற்றார். 2017இல் முழங்கால் தசைநார் கிழிந்து அறுவைச் சிகிச்சை, மறு வருடமே துருக்கியில் தங்கம், நடுவில் இந்தத் தடை, 30 வயதில் ஆசியத் தங்கம். சிறுமிகளின் விளையாட்டு என்று யாராவது சொன்னால் இந்த வரிசையைக் காட்டலாம்.

ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸுக்குப் போன இந்தியப் பெண்கள் பாரிஸ் வரை இருவரே. ரியோவுக்குத் தீபா, டோக்கியோவுக்கு மேற்கு வங்கத்தின் மேதினிப்பூர்ப் பகுதியைச் சேர்ந்த பிரணதி நாயக். தருமபுரியிலிருந்து யாரும் போனதில்லை. முழு வால்ட் மேசை, சுருள்வில் தரை, நுரைக் குழி எல்லாம் விலை கூடியவை. பன்னிரண்டு மீட்டர் சதுரத் தரை ஒன்றைப் போடவே தனிக் கூடம் வேண்டும். அதற்காகப் பத்து வயதுப் பிள்ளையைச் சென்னைக்கோ பெங்களூருக்கோ கொண்டுபோய் விடத் தேவையில்லை. அந்த வயதில் கற்க வேண்டியதில் பெரும்பகுதிக்கு மெத்தைப் பாய், தாழ்ந்த கம்பி, தரையில் பத்து சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு பலகை, இறங்கக் கற்றுத் தரும் ஆசிரியர் ஆகியவை போதும். விழுப்புரத்துப் பிள்ளைகள் மல்லர் கம்பத்தில் ஏறித் தேசிய அளவுக்கு வந்தது ஒரு மரக்கம்பத்தை வைத்துக்கொண்டுதான். அங்கேயும் கம்பத்திலிருந்து குதித்து இறங்குவது மதிப்பெண் உள்ள பகுதி.

அரூரிலோ காரிமங்கலத்திலோ ஓர் அரசுப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் இதைப் படித்துவிட்டுப் பத்துப் பிள்ளைகளோடு தொடங்க நினைத்தால் மூன்று வேண்டுகோள். முதல் ஆறு மாதம் பல்டி வேண்டாம். முழங்கால் உயரத் திண்ணையிலிருந்து சத்தமில்லாமல் இறங்கப் பழக்குங்கள். தரையில் விழும் சத்தமே விசையின் அளவு, கருவி வேண்டாம், காது போதும். சுவரில் உயரம் குறித்து வையுங்கள். பாய் வாங்க நன்கொடை திரட்டுவதற்கு முன்னால், பிள்ளைகள் குடிக்கும் ஆழ்குழாய்த் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் ஃபுளூரைடு பார்க்கச் சொல்லிக் கொடுங்கள். அந்தச் சோதனைக்கு ஆகும் செலவு ஒரு பாயின் விலையில் சிறு பங்குதான்.